நிமிர்த்தி வைத்த இருநூறு பாட்டில்கள்

என் பெரியவனே,

இந்த உறையை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன். உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பையன்கள் பிரித்துப் படித்தாலும் சரி, நீயே உன் கம்பெனியில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினாலும் சரி, எனக்கு ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியதையெல்லாம் பதினைந்து வயதிலேயே பட்டு முடித்துவிட்டேன். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேருமோ என்னவோ என்று உன் அப்பாவையே ரயிலேற்றி அனுப்புகிறேன். அவர் இதற்குள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். "இன்னா, இம்மா நீளத்துக்கு எழுதினுகிற? நான்தான் போறேனே, வாயால சொல்லிட்டு வந்துடறேன்" என்கிறார். அவர் சொன்னால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, மூன்றாவது வாக்கியத்தில் டீ கேட்பார். இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. தவிர, எனக்கு என்றைக்குமே வாயைவிடக் கைதான் நன்றாகப் பேசும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சோதனை அறையில் மூன்று நாள் அசையாமல் இருக்க வேண்டிய கண்ணாடிக் குடுவைகளை யாரோ எடுத்துக் கொட்டி, பளிச்சென்று கழுவி, வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள் என்றாய். பெருக்கித் துடைக்க வருகிற செல்வி என்ற பெண்தான் செய்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதாகச் சொன்னாய். "எத்தினி தபா கேட்டாலும் வாயே தொறக்கலம்மா. தரையப் பாத்துக்கினு கல்லு மாதிரி நிக்குது. பண்ணலன்னா பண்ணலன்னு சொல்ல வேண்டிதுதானே? திமிரு." வெள்ளிக்கிழமை நீ மேலே எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் அவளை நிறுத்திவிடுவார்கள் என்றும் சொன்னாய். நான் உனக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. "இன்னாம்மா?" என்று கேட்டாய். "ஒண்ணும் இல்லப்பா" என்றேன். அது பொய். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். வீட்டில் கஷ்டம், அதனால் நின்றேன் என்று நீயாக நினைத்துக்கொண்டிருப்பாய். கஷ்டம் இருந்தது. உன் தாத்தாவுக்கு ஒரே ஒரு தறி, வீட்டில் ஆறு வயிறு. ஆனால் நான் நின்றதற்குக் காரணம் அது இல்லை. வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்வார்கள். எனக்கு எழுத்து நன்றாகத் தெரியும், வாயிலிருந்து சத்தம் மட்டும் வராது. ஒரு வாரம் தினமும் பெஞ்சின் மேல் நிறுத்தினார்கள். பெஞ்சின் மேல் நிற்கிறவளுக்கு எல்லோருடைய தலைவகிடும் தெரியும். அதை எண்ணிக்கொண்டே நிற்பேன். எட்டாவது நாள் பையைச் சுவரில் மாட்டிவிட்டு, தறிக்கு நூல் சுற்ற உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்படித்தான் என் பழக்கம் ஆரம்பித்தது.

ஆர்.கே.பேட்டையிலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போகிற சாலையில், பாறைக்குன்று ஒன்றின் அடியில், அறுபதுகளில் ஒரு மிஷன் தோட்டம் இருந்தது. பந்தல் போட்டுத் திராட்சை வளர்த்தார்கள், போதாததை வெளியூரிலிருந்து கூடைகூடையாக வரவழைத்தார்கள். மாதா கோயில்களின் பூசைக்கு வேண்டிய ஒயின் அங்கேதான் தயாராயிற்று. மாநிலம் முழுக்க மதுவிலக்கு இருந்த காலம் அது. பூசைக்கு என்பதால் அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தது. பதினான்கு வயதில் அங்கே பாட்டில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். தெருவில் எங்களைப் பார்த்தால் "சாராயக் கம்பெனிப் பொண்ணுங்க போவுதுங்கடா" என்பார்கள். என்னோடு கழுவிய ரோஸக்காவுக்கு நாக்கு நீளம். "ஆமா, உன் மீசையில ஒட்டிக்கினு கீதே, அது எங்க சரக்குதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நடப்பாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நடப்பேன்.

பிரதர் என்று ஒரு வெள்ளைக்காரத் துறவி ஒயின் வேலையைப் பார்த்துக்கொண்டார். புத்தகத்திலிருந்து தமிழ் படித்தவர், நோட்டீஸில் அச்சடித்தது போலப் பேசுவார். அவருக்குக் கீழே சின்னப்பன் மேஸ்திரி. அவருக்கும் அவர் மனைவிக்கும் தோட்டத்துக்குள்ளேயே மிஷன் வீடு கொடுத்திருந்தது. மேஸ்திரி வாய் திறந்தால் திட்டுதான் வரும், ஆனால் பசி நேரத்தில் யாரையும் வேலை வாங்க மாட்டார். மிஷனின் பெரிய சாமியாருக்குக் குருப்பட்டம் வாங்கி ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, அந்தப் பொன்விழாவுக்குத் தன் ஊர் வழக்கப்படி நுரை பொங்குகிற ஒயினைச் செய்து வைக்க வேண்டும் என்று பிரதருக்கு ஆசை. இருவருக்கும் ஒரே ஊராம். ஐம்பது வருஷமாகப் பெரிய சாமியார் அதை வாயில் வைத்ததில்லையாம்.

அதை எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறேன், தெரிந்தால்தான் என் தப்பு உனக்குப் புரியும். முதலில் திராட்சையை நசுக்கிச் சாறெடுத்து, தோலின் நிறம் ஏறுமுன் வடித்து, புளிக்கவைத்துச் சாதாரண ஒயினாக்கினார்கள். இதுவரை பூசை ஒயின் மாதிரிதான். பிறகு அந்த ஒயினோடு கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து, தடித்தடியான பச்சைப் பாட்டில்களில் நிரப்பி, சோடா பாட்டிலுக்குப் போடுவது போன்ற தகர மூடியை இறுக்கினார்கள். பாட்டிலுக்குள்ளேயே அது இன்னொரு தடவை புளிக்கும். அதிலிருந்து வருகிற வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினுக்குள்ளேயே அடங்கிவிடும். அந்த அழுத்தத்துக்குச் சில பாட்டில்கள் வெடிக்கும். அதனால் குன்றை ஒட்டித் தோண்டிய குளிர்ந்த நிலவறைக்குள், கோணிச்சாக்கை மார்பில் கட்டிக்கொண்டு, முகத்துக்குக் கம்பி வலை போட்டுக்கொண்டுதான் போவோம். ரோஸக்கா என்னைப் பார்த்து, "தேன் எடுக்கப் போற மாதிரியே கீறடி" என்று சிரிப்பாள். வருஷம் முழுக்கப் பாட்டில்கள் அங்கே படுத்துக் கிடந்தன. வேலை முடித்த ஈஸ்ட், சாதக் கஞ்சியின் அடிமண்டி மாதிரி, பாட்டிலின் வயிற்றில் படிந்திருந்தது.

அந்த மண்டியை வெளியே எடுக்க வேண்டும், ஆனால் உள்ளே அடங்கிய நுரை போய்விடக் கூடாது. அதற்குத்தான் துளைத்துளையாகப் போட்ட பெரிய மரப்பலகைகளை இரண்டு இரண்டாக, கூரை மாதிரி சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு பாட்டிலின் கழுத்தைச் செருக வேண்டும். தினமும் ஒவ்வொரு பாட்டிலையும் கொஞ்சம் போலத் திருப்பி, ஒரு சின்ன உதறு உதறி, முன்னைவிடக் கொஞ்சம் செங்குத்தாக நிற்கவிட வேண்டும். எவ்வளவு திருப்பினோம் என்று தெரிய, பாட்டிலின் அடியில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. ஆறு வாரத்தில் பாட்டில் தலைகீழாக நிற்கும், மண்டி முழுக்க வழுக்கிக்கொண்டு வந்து மூடியின் மேல் உட்கார்ந்திருக்கும். பிறகு அந்தக் கழுத்தை மட்டும் உப்புப் போட்ட ஐஸில் உறையவைத்து மூடியைத் திறந்தால், மண்டி ஐஸ்கட்டியோடு வெளியே பாய்ந்துவிடும்.

இந்தக் கடைசி மூன்று வரியை நான் இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அப்போது எனக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. நூல் சுற்றிய விரல்கள் என்பதால் பாட்டில் திருப்பும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். "கோடு இங்கேயிருந்து இங்கே வர வேண்டும், பெண்ணே" என்று பிரதர் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். கைக்கு ஒன்றாக இரண்டு கையாலும் இருநூறு பாட்டிலையும் தினமும் திருப்பினேன். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. அங்கே என்னைப் பேசச் சொல்ல யாரும் இல்லை. பாட்டில்கள் கண்ணாடியும் பலகையும் உரசுகிற சத்தத்தில் 'க்ரக், க்ரக்' என்று எனக்காகப் பேசின. ஏன் தலைகீழாக நிற்கின்றன என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆறாவது வாரம் நெருங்கும்போது பிரதருக்கு மஞ்சள் காமாலை வந்து மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாவி மேஸ்திரியிடம் வந்தது. வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று பிரதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பிரதருக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு மேஸ்திரி மெட்ராஸுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. பஸ் நேரமாகிவிட்டது. "இந்தாம்மே, திருப்பி முடிச்சிட்டுப் பூட்டி, சாவிய எங்க ஊட்ல குடுத்துட்டுப் போ. வேற ஆரும் உள்ள வரக் கூடாது. புரிஞ்சுதா? தலைய ஆட்டுறத பாரு, கோயில் மாடு மாதிரி" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் தறிக்குப் பண்டிகை. பலகை, நாடா, ராட்டை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அன்றைக்கு ஒரு நாள் தொடாமல் விடுவோம். வருஷம் முழுக்க உழைத்த பொருளுக்கு ஒரு நாள் மரியாதை. அந்த நிலவறையில் தனியாக நின்றபோது, ஆறு வாரமாக என் கையில் புரண்ட இருநூறு பாட்டில்களும் தூசி படிந்து, தலைகீழாக, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது. இவற்றுக்கு யார் பொட்டு வைப்பார்கள்? மேஸ்திரி மாதா கோயில்காரர், ரோஸக்காவும் அப்படித்தான். மிச்சம் நான்தான். ஓட்டமாக வீட்டுக்குப் போய்ச் சந்தனமும் குங்குமமும் கற்பூரமும் எடுத்துவந்தேன். தலைகீழாக நிற்கிற ஒன்றுக்கு எப்படிப் பொட்டு வைப்பது? ஒவ்வொன்றாக உருவி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, நிலவறைத் தரையில் நிமிர்த்தி வைத்தேன். இருநூறும் வரிசையாக நின்றன. தோளில் சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன். அவ்வளவு அழகாக நான் எதையும் பார்த்ததில்லை. பிறகு பொட்டை எல்லாம் துடைத்து, அந்தந்தத் துளையில் அந்தந்தப் பாட்டிலை, வெள்ளைக் கோடு இம்மி பிசகாமல் திருப்பி வைத்தேன். ஒரே ஒரு பாட்டிலின் பொட்டை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. அதைக் கடைசிப் பலகையின் மூலையில், பொட்டு உள்பக்கம் இருக்கும்படி செருகிவிட்டுப் பூட்டினேன். அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பிரதர் திரும்பி வந்தார். சட்டை இரண்டு பேருக்கானது போலத் தொங்கியது. நேராக நிலவறைக்குப் போய் ஒரு பாட்டிலைத் தலைகீழாகவே எடுத்து, பல்புக்கு எதிரே பிடித்தார். உள்ளே கண்ணாடி மாதிரி தெளிந்திருக்க வேண்டியது, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. இன்னொன்று. இன்னொன்று. எல்லாமே கலங்கல். ஆறு வாரமாகக் கழுத்துக்கு வந்து சேர்ந்த மண்டி, நிமிர்த்தியதும் வயிற்றுக்கே திரும்பிப் போய்க் கலந்துவிட்டது. பொன்விழாவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

"இவற்றை எடுத்திருக்கிறார்கள். நிமிர்த்தியிருக்கிறார்கள். சாவி உன்னிடம் இருந்தது, சின்னப்பா. யாருக்குக் காட்டினாய்? யாரிடம் விலை பேசினாய்?" என்று பிரதர் கேட்டார். மதுவிலக்கு ஊரில் அந்தப் பாட்டிலுக்கு எப்படிப்பட்ட ஆள் வருவான் என்று எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரியின் முகம் கறுத்துவிட்டது. "மாதா மேல சத்தியமா நான் தொடல பிரதர்" என்றார். "அப்படியானால் சாவியை யாரிடம் கொடுத்தாய்?" மேஸ்திரி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பக்கம் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஆராண்டயும் குடுக்கல" என்றார். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டைக் காலி செய்" என்று சொல்லிவிட்டு பிரதர் மேலே ஏறிப் போனார்.

கல்லு மாதிரி நிக்குது என்று நீ சொன்னாயே, அப்படித்தான் நின்றேன். எனக்குத் திமிர் இல்லை, கண்ணு. உள்ளே நூறு வாக்கியம் வரிசையில் நின்றது. முதல் வாக்கியம் தொண்டையில் மாட்டிக்கொண்டதால் பின்னால் இருப்பது எதுவும் வெளியே வர முடியவில்லை. பயமும் இருந்தது. வேலை போனால் என்னை முப்பத்தைந்து வயதுத் தாய்மாமனுக்குக் கட்டிவைப்பது என்று வீட்டில் முன்பே பேச்சு, தோட்டத்திலும் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் போனேன், சாப்பிட்டேன், படுத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தபோது மேஸ்திரி வீட்டு வாசலில் அவர் மனைவி பாத்திரங்களைப் பழைய புடவையில் மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நாஷ்டா துன்னியாமே?" என்று வழக்கம் போலக் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். பொட்டு வைத்ததை நான் என் தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. அறியாமல் செய்தது. அந்த மூட்டையைப் பார்த்த பிறகும் வெள்ளிக்கிழமை முழுக்க வாயை மூடிக்கொண்டு பாட்டில் கழுவினேனே, அதுதான் தப்பு. இத்தனை வருஷத்தில் இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை ஒரு வழி தோன்றியது. பேச வராவிட்டால் என்ன, திருப்பத் தெரியுமே. முதல் ஆளாக நிலவறைக்குள் போய், மூலையில் இருந்த அந்தப் பாட்டிலைத் திருப்பி, பொட்டு கதவைப் பார்த்தபடி வைத்தேன். அந்த மூலை கதவுக்கு நேர் எதிரே, திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். பிரதர் வந்து பார்ப்பார், புரிந்துகொள்வார், நான் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் முதலில் வந்தவர் மேஸ்திரி, தன் கம்பி வலையை எடுத்துப் போக வந்தார். பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒரே தேய்ப்பில் அதை அழித்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்மே, நீதான்னு. எதுக்குன்னுதான் தெரியல. இப்ப தெரிஞ்சிபோச்சி. எதுக்கு இப்ப பேஜாரு? எனக்குக் கை கால் கீது, எங்கனா பொழச்சிக்குவேன். உன்ன அனுப்பினா அந்தக் கெழவனுக்குக் கட்டி வச்சிடுவாங்கோ. வாய மூடிக்கினு வேலயப் பாரு. அதான் உனக்கு நல்லா வருமே."

அவர் முடிப்பதற்குள் படியில் பிரதரின் செருப்புச் சத்தம் கேட்டது. பின்னாலேயே ரோஸக்காவும் வாளியோடு வந்தாள். இனி கையைத் தவிர எனக்கு வேறு கதி இல்லை. பலகைக்குப் போனேன். முதல் பாட்டிலை உருவினேன், தரையில் நிமிர்த்தி வைத்தேன். "ஏய், இன்னாமே பண்ற! பைத்தியமா?" என்று மேஸ்திரி பாய்ந்து வந்தார். பிரதர் கையை நீட்டி அவரை நிறுத்தினார். இரண்டாவது பாட்டில். மூன்றாவது. துணியால் துடைத்தேன், நிமிர்த்தினேன், தோளில் வெறும் விரலால் சந்தனம் தொடுவது போலத் தொட்டேன், குங்குமம் வைப்பது போல வைத்தேன். ரோஸக்காகூடப் பேசவில்லை, அதை நீ நம்ப வேண்டும். எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, கை மட்டும் நிற்கவில்லை. பிரதர் குறுக்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை, "யார்" என்றும் கேட்கவில்லை, "ஏன்" என்றும் கேட்கவில்லை. கடைசிப் படியில் மெதுவாக உட்கார்ந்துகொண்டார். பதினோராவது பாட்டிலை வைத்தபோது எனக்குக் குரல் வந்தது.

"ஆயுத பூஜக்கி முந்தின நாளு, பிரதர். இதுங்களுக்கு ஆரும் பொட்டு வைக்கல. இதுங்களும் வேல செஞ்சுதே."

அந்தக் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. முதல் வாக்கியம் போனதும் பின்னால் நின்றதெல்லாம் வந்துவிட்டது. சாவி, கற்பூரம், மூலைப் பாட்டில், மேஸ்திரி மனைவியின் மூட்டை, தாய்மாமன் வரைக்கும் சொல்லிவிட்டேன். பிரதர் தரையில் நின்ற பதினோரு பாட்டில்களைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம், "சின்னப்பா, நான் உன்மேல் அநியாயமாகப் பழி சுமத்தினேன். என்னை மன்னிக்க வேண்டும்" என்றார். அதே அச்சடித்த தமிழ்தான். என்னிடம் திரும்பி, "பெண்ணே, இந்தப் பதினொன்றும் இப்போது இரண்டு முறை கலங்கிவிட்டன" என்றார். அப்போதுதான் ரோஸக்காவுக்கு வாய் வந்தது. "வுடுங்க பிரதர், மிச்சத்தயாவது பேசியே சொல்லிச்சே. இல்லன்னா இருநூறயும் எறக்கி வச்சிருக்கும்" என்றாள். மேஸ்திரி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மண்டி ஏன் கழுத்துக்கு வர வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் பிரதர் சொன்னார், ஏனென்றால் அன்றைக்குத்தான் நான் கேட்டேன். அதற்குப் பிறகு காலையும் மாலையுமாக நானும் மேஸ்திரியும் மாற்றி மாற்றித் திருப்பினோம். பொன்விழாவுக்கு முந்தின நாள், பொன்னேரிப் பக்கமிருந்து மீனுக்குப் போடுகிற ஐஸ் மரத்தூளில் புதைந்து லாரியில் வந்தது. கல் உப்போடு அதை இடித்துத் தொட்டியில் கொட்டி, பாட்டில் கழுத்துகளைத் தலைகீழாகச் செருகினோம். விரல் மரத்துப் போயிற்று. பிரதர் ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்து, மூடியை நெம்புவார். 'டப்'பென்று ஐஸ்கட்டி சுவரில் போய் அடிக்கும், அதோடு மண்டியும் போகும். கட்டைவிரலால் வாயை அடைத்துக்கொண்டு நுரையை அடக்குவார். வெளியே போனதற்கு ஈடாகச் சர்க்கரை கரைத்த ஒயினை ரோஸக்கா ஊற்றுவாள், மேஸ்திரி தக்கையை அடித்து இறக்குவார், நான் கம்பியைச் சுற்றி முறுக்குவேன். என் கையில் தெறித்த நுரையை நக்கிப் பார்த்தேன். நாக்கில் எறும்பு ஓடியது. "ஏம்மே, மதுவிலக்கு ஆபீசர் வராரு" என்றார் மேஸ்திரி. நான் பயந்து கையைப் பின்னால் மறைத்ததைப் பார்த்து அறையே சிரித்தது. இருநூறில் நூற்றைம்பதுக்கு மேல் தெளிந்து வந்தன. மறுநாள் பெரிய சாமியார் முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தன் பாஷையில் ஏதோ சொன்னார். பிரதர் அதை எங்களுக்குத் தமிழில் சொல்ல முயன்று, முடியாமல் விட்டுவிட்டார்.

தெளியாதவை அந்தப் பதினொன்றும் இன்னும் கொஞ்சமும். அவை பிறகு நிதானமாகத் தெளிந்தன. அதில் ஒன்று காலியானதும் பிரதர் எனக்குக் கொடுத்தார். நீ பிறந்ததிலிருந்து நம் சமையலறையில் நல்லெண்ணெய் வைத்திருக்கிறோமே, அடியில் பெரிய குழியும் வெள்ளைக் கோடுமாக ஒரு தடித்த பச்சைப் பாட்டில், அதுதான் இது. சின்ன வயதில் அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே "இது இன்னாம்மா?" என்று கேட்டாய். "பெயிண்டு" என்றேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் பொட்டு அதற்குத்தான் வைக்கிறேன். இப்போது அது எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிமிர்ந்து நிற்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஒன்பது வயதில் அப்பாவின் ரயில்வே நோட்டில் மை கொட்டியது நினைவிருக்கிறதா? நான் பிரம்பை எடுத்துக்கொண்டு "ஆரு கொட்டினது?" என்று கத்தினேன். நீ பயந்து தங்கச்சியைக் காட்டினாய். அவள் என்னைப் போல, வாயைத் திறக்காமல் நின்றாள். அடித்தேன். மறுநாள் உன் டிராயர் பையில் மைக்கறையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உன்னைவிட அன்றைக்கு என்மேல்தான் எனக்கு ஆத்திரம். கேள்வி கேட்கிறவர் அப்படிக் கேட்டால் பேச வருகிறவர்கள் தப்பித்துக்கொள்வார்கள், பேச வராதவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று உலகத்தில் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்? தெரிந்தும் செய்தேன். அதனால் உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

செல்வி செய்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. செய்திருந்தால், அழுக்கு என்று நினைத்துக் கழுவியிருப்பாள். மூன்று நாள் தொடக் கூடாது என்று அவளிடம் யாராவது சொன்னார்களா என்று முதலில் விசாரி. சொன்னேன், தலையை ஆட்டினாள் என்று யாராவது சொன்னால், அது பதில் இல்லை என்று தெரிந்துகொள். பிறகு இதைப் படித்த மறுநாள் காலையில், கூட்டம் சேருவதற்கு முன்னால், அவளைச் சோதனை அறைக்குக் கூப்பிடு. கதவைத் திறந்தே வை, கூட அவளுக்குப் பழக்கமான ஒரு பெண்ணையும் வரச் சொல். யார் செய்தது என்று கேட்காதே. ஒரு குடுவையை அவள் கையில் கொடுத்து, "அன்னிக்கு வந்ததுலேர்ந்து இன்னா இன்னா செஞ்சே, அப்டியே செஞ்சு காட்டும்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள். அவள் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உன்னைப் பார்ப்பாள். அப்போதும் பேசாதே. இன்னொன்றைக் கொடு. எனக்கு வாய் திறக்கப் பதினோரு பாட்டில் ஆயிற்று. அவளுக்கு எத்தனை ஆகும் என்று எனக்குத் தெரியாது, குடுவைகளை நிறைய எடுத்து வை.

அம்மா